வெள்ளத்தில் நின்ற பழைய காரைக் கண்டுபிடிப்பது எப்படி? வேலூர் வட்டாரத்தில் முதல்முறை வாங்குவோருக்கு

சென்னையில் பழைய கார் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியே "வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்பதுதான். அதே வண்டியை 140 கிலோமீட்டர் தள்ளி வேலூரிலோ, இன்னும் தள்ளி ஆம்பூரிலோ கொண்டுவந்து நிறுத்தினால் அந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு எண் என்பதால் மறுபடி சாலை வரி கட்டும் வேலையும் இல்லை. பெயிண்ட் பளபளப்பு, புது சீட் கவர், சந்தை விலையைவிட 40, 50 ஆயிரம் குறைவு என்றதும் கை தானாக அட்வான்ஸ் பணத்துக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கு அணையாது, கண்ணாடி தானாக இறங்கும், நடு ரோட்டில் இன்ஜின் நிற்கும். பட்டறைக்காரர் டேஷ்போர்டைப் பிரித்த பிறகுதான் உள்ளே வண்டல் இருப்பது தெரியவரும்.

நம் ஊர் ஆர்சியில் "வெள்ளத்தில் மூழ்கிய வண்டி" என்று எந்தக் குறிப்பும் வராது. ஆகவே நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாச் சோதனையிலும் நீங்கள் தேடப்போவது ஒரே விடைதான்: தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது? சக்கரத்தோடு நின்றதா, தரைவிரிப்பை நனைத்ததா, சீட் வரை வந்ததா, டேஷ்போர்டைத் தாண்டியதா? வண்டியை வாங்கலாமா, என்ன விலைக்கு என்பதெல்லாம் அந்த உயரத்தைப் பொறுத்தது.

1. வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள்

பதிவு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு முதலில் வீட்டிலேயே உட்காருங்கள். மத்திய அரசின் எம்பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவான தேதி, பதிவு அலுவலகம், எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, வங்கிக் கடன் உண்டா என்பது தெரியும்.

எண்ணின் தொடக்கத்தைக் கவனியுங்கள். டிஎன் 23 வேலூர், டிஎன் 73 ராணிப்பேட்டை, டிஎன் 83 வாணியம்பாடி. டிஎன் 07, 11, 14, 22 என்றால் சென்னையின் தெற்குப் பக்கமும் தாம்பரமும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை என்று தண்ணீர் நின்ற பகுதிகள் அந்தப் பக்கம்தான். அதற்காக அந்த எண் எல்லாமே கெட்ட வண்டி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கைமாறிய தேதியோடு சேர்த்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இவற்றுக்குப் பின் வந்த சில மாதங்களில் சென்னை உரிமையாளரிடமிருந்து வேறு மாவட்டத்துக்கு மாறிய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அது திருப்பத்தூருக்குப் பக்கம்.

"உள்ளூர் டிஎன் 23 வண்டி, பயமில்லை" என்பதும் ஏமாறும் இடம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது வேலூர் நகரத்துக்குள்ளேயே கன்சால்பேட்டை, இந்திரா நகர் பகுதிகளில் தண்ணீர் நின்றது.

அடுத்து காப்பீட்டுப் பாலிசி. விற்பவரிடம் நடப்பு பாலிசியும் முந்தைய இரண்டு வருடப் பாலிசியும் கேளுங்கள். அதில் "நோ க்ளெய்ம் போனஸ்" என்ற வரி இருக்கும். க்ளெய்ம் எதுவும் வாங்காமல் ஒரு வருடம் போனால் பிரீமியத்தின் சொந்தச் சேதப் பகுதியில் 20 சதவீதத் தள்ளுபடி, பிறகு 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50. க்ளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் சுழியத்துக்கு வந்துவிடும். 45 இருந்த பாலிசி 2024இல் திடீரென்று 0 என்று காட்டினால், அதற்கு முந்தைய பாலிசிக் காலத்தில் ஏதோ க்ளெய்ம் போயிருக்கலாம். என்ன க்ளெய்ம் என்று நேராகக் கேளுங்கள். இந்தப் போனஸ் ஆளோடு போவது, வண்டியோடு போவதில்லை. போன வருடம்தான் வண்டி அவர் பெயருக்கு வந்தது என்றால் 0 இருப்பது இயல்பு. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் க்ளெய்முக்குப் பிறகும் சதவீதம் குறையாமல் இருக்கலாம். அதனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பழுதுச் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு, உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். அந்த வண்டி ஏலத்தில் வேறு கைக்குப் போய், பட்டறையில் தேறி, மறுபடி ரோட்டுக்கு வருவதுண்டு. நமக்கு ஆபத்து அதிகம் இந்த வகையில்தான்.

மூன்றாவது, சர்வீஸ் வரலாறு. அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொன்னால் வரலாறு எடுக்க முடியும். உரிமையாளர் கூட வந்தாலோ அவர் போனுக்கு வரும் ஓடிபி இருந்தாலோ சுலபம். அதில் தேட வேண்டியது: ஒரே பில்லில் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), ஸ்டார்ட்டர் மோட்டார், வயரிங், தரைவிரிப்பு, கன்ட்ரோல் யூனிட் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி) என்று மாற்றியிருக்கிறார்களா? விபத்தில் ஒரு மூலைதான் அடிபடும். தண்ணீர்தான் வண்டி முழுக்க மின்சாமான்களை ஒரே நாளில் கெடுக்கும். வருடம் தவறாமல் சர்வீஸ் போன வண்டி ஒரு டிசம்பருக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எப்போது போவது, எதை எடுத்துப் போவது

காலை 7 மணிக்குப் போங்கள், வெளிச்சம் இருக்கும், இன்ஜின் குளிர்ந்திருக்கும். "நான் வந்து ஸ்டார்ட் பண்றேண்ணே, அதுக்கு முன்னாடி பண்ணாதீங்க, கண்ணாடியெல்லாம் ஏத்தியே வைங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மழை பெய்யும்போது பார்க்க வேண்டாம். ஈரத்தில் எல்லா வண்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், வெள்ளைத் துணி, சின்னக் கண்ணாடி அல்லது செல்போன் கேமரா, மல்டிமீட்டர். உங்கள் மெக்கானிக்கை இரண்டாவது முறை கூட்டிப் போனால் போதும். முதல் முறை நீங்கள் பார்த்தே பாதி வண்டிகளைக் கழித்துவிடலாம். மெக்கானிக் கூலி, அடிப்பக்கம் பார்க்கப் பட்டறைக் குழியில் ஏற்றுவது, ஸ்கேனர் மூன்றுக்குமாக 2,000 முதல் 3,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். புரோக்கரே "நம்ம மெக்கானிக் இருக்காரு" என்று அனுப்பும் ஆளை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

3. கதவைத் திறந்ததும் மூக்கு

மூடிக் கிடந்த வண்டியின் கதவைத் திறந்த முதல் பத்து விநாடியில் வரும் வாசனை முக்கியம். ஈரச் சாக்கு, பழைய கிணறு போன்ற வாடை வருகிறதா? மல்லிகை வாசனை பாட்டில் மூன்று தொங்கினால் அதுவே ஒரு தகவல்.

கோடையில் மூக்கை நம்ப முடியாது. டிசம்பரில் மூழ்கிய வண்டி சர்வே, க்ளெய்ம், ஏலம், பட்டறை என்று சுற்றி விற்பனைக்கு வர மாதக்கணக்கு ஆகும். அதற்குள் ஏப்ரல், மே வந்துவிடும். வேலூர் வெயிலில் நான்கு கதவையும் திறந்துபோட்டு ஒரு வாரம் காயவைத்தால் வாடை அடங்கிவிடும். ஐப்பசி மழைக்கு மறுபடி கிளம்பும்.

அதனால் ஹீட்டரைப் போடுங்கள். இந்த ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, சுத்தம் செய்பவர்களும் அந்தப் பெட்டிக்குள் கை விடுவதில்லை. கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜின் சூடானதும் ஹீட்டரை முழு வேகத்தில், உள்காற்றுச் சுழற்சியில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அடைந்துகிடந்த சேற்று வாடை அப்போது முகத்தில் அடிக்கும். பிறகு குளோவ் பாக்ஸைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை உருவிப் பாருங்கள். தூசி இருந்தால் சாதாரணம். காய்ந்த சேறு, அலை அலையாகச் சுருங்கிய காகிதம், நீர்க்கோடு இருந்தால் தண்ணீர் டேஷ்போர்டு உயரத்துக்கு வந்திருக்கிறது. சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்பலாம்.

4. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்

இது ஒரு நிமிட வேலை, காசு செலவில்லை. எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பெல்ட்டை மெதுவாக, இனி வராது என்னும் வரை இழுங்கள். தினமும் வெளியே வந்து போகும் மேல் பகுதி சுத்தமாகத்தான் இருக்கும். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழத்தைப் பாருங்கள். தண்ணீர் வற்றியபோது படிந்த பழுப்புக் கோடு குறுக்கே ஓடும்; அதற்கு ஒரு பக்கம் துணி வெளிறியும் மறுபக்கம் கறுத்தும் இருக்கும். வெள்ளைத் துணியை ஈரமாக்கி அந்த இடத்தில் அழுத்தித் துடைத்தால் மண் நிறம் ஒட்டும். விரலால் நெருடினால் மணல் நறநறக்கும். கையை விட்டதும் பெல்ட் சட்டென்று உள்ளே ஓட வேண்டும். தயங்கித் தயங்கிப் போனால் சுருளுக்குள் மண் இருக்கலாம்.

நான்கு பெல்ட்டையும் பாருங்கள். முன்னால் இரண்டை மாற்றிவிட்டு, பின்சீட்டு பெல்ட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். பெல்ட்டின் அடிப்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டில் பெரும்பாலும் தயாரித்த மாதம், வருடம் இருக்கும். 2017 வண்டியில் 2024 பெல்ட் எதற்கு? விபத்து அல்லது வெள்ளம். இரண்டில் எது என்று விற்பவர் சொல்லட்டும்.

5. தரையும் டேஷ்போர்டின் அடிவயிறும்

மேட்டை எடுத்துவிட்டுத் தரைவிரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு ஈரத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும். கதவடியில் கால் வைக்கும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்தால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கலாம். விற்பவர் எதிரிலேயே, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். "முடியாது" என்றால் அந்தப் பதிலையும் கணக்கில் வையுங்கள். பஞ்சு கறுத்துக் கட்டிதட்டியிருக்கிறதா, இரும்புத் தளத்தில் துரு வட்டங்கள் இருக்கின்றனவா? பத்து வருட வண்டியில் புத்தம் புது விரிப்பு, அல்லது முன்பக்கம் ஒரு நிறம் பின்பக்கம் ஒரு நிறம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து சீட்டை முன்னுக்குத் தள்ளி அதன் தண்டவாளத்தையும் நான்கு போல்ட்டையும் பாருங்கள். சீட்டைக் கழற்றாமல் தரைவிரிப்பை எடுத்துக் காயவைக்க முடியாது. போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தடம், பெயிண்ட் பெயர்ந்த வெள்ளைக் கீறல் இருந்தால் சீட் கழன்று ஏறியிருக்கிறது. சீட்டுக்கடியில் மஞ்சள் நிற வயர் கனெக்டர் இருக்கும், அது ஏர்பேக்குக்கோ பெல்ட்டுக்கோ போவது. அதன் வாயில் பச்சைப் படிவு படர்ந்திருந்தால் கூட்டல் கழித்தல் வேண்டாம், தண்ணீர்தான்.

இனி டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை டேஷ்போர்டின் அடியில் அடியுங்கள். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. பிரேக் பெடலின் மேல்தண்டு, ஸ்டியரிங் தண்டு, பெயிண்ட் அடிக்காத ஸ்க்ரூக்கள், சின்னச் சின்ன இரும்புக் கிளிப்புகள். வண்டிக்குள் மழை பெய்யாது. இந்த இடத்து இரும்பு பத்து வருடம் ஆனாலும் மங்கலாகத்தான் ஆகுமே ஒழியத் துருப்பிடிக்காது. கடுகு அளவு துருப் புள்ளிகள் எல்லா ஸ்க்ரூ தலையிலும் ஒரே உயரம் வரை இருந்து, அதற்கு மேலே இல்லை என்றால் நீங்கள் தேடிய உயரம் அதுதான்.

சென்னைக் கடற்கரைப் பகுதி வண்டி என்றால் "உப்புக்காத்துல துரு வரும்தான் சார்" என்பார்கள். உண்மைதான். ஆனால் உப்புக்காற்றுத் துரு வெளியில் வரும்: கதவின் கீழ் ஓரம், பானெட் முனை, சைலன்சர். சீட் ஸ்பிரிங்கிலும் பெடல் தண்டிலும் அது வருவதில்லை.

6. டிக்கி, விளக்கு, கதவு

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். மூலைகளில் மாவு போன்ற வண்டல், துருப்பிடித்த ஜாக்கி, வீல் ஸ்பானர் இருந்தால் சந்தேகம். டிக்கி ரப்பர் கிழிந்தும் மழைத்தண்ணீர் இறங்கலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

முன் விளக்கு, பின் விளக்குகளுக்குள் டார்ச் அடித்தால் உள்ளே படிந்த கிடைக்கோடு தெரியும். பழைய வண்டியில் இரண்டு முன்விளக்கும் ஒரே சமயத்தில் புதிதாக மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். சின்னக் குச்சியை விட்டுக் கிளறினால் சேறு வருகிறதா பாருங்கள்.

7. பானெட்டைத் திறந்து

இன்ஜின் பளபளவென்று இருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். விற்கும் முன் எல்லோரும் கழுவுவார்கள். கழுவும் குழாய் எட்டாத இடங்களைப் பாருங்கள்: ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, பேட்டரித் தட்டுக்கு அடியில், ஆல்டர்னேட்டரின் ஓட்டைகள், ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம். ஃபியூஸ் இரண்டை உருவி அதன் காலைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பொடி ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டிக்குள் ஈரம் போயிருக்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கட்டாயம் திறங்கள். ஃபில்டர் புதிதாக இருக்கும், அதை விடுங்கள். பெட்டியின் அடித்தட்டில் காய்ந்த வண்டல் இருக்கிறதா? இந்த வழியாகத்தான் இன்ஜின் மூச்சு விடுகிறது. தண்ணீர் இங்கே வந்த நேரத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்று போலத் தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் பல மாதம் ஓடும்; ஒருநாள் அந்த ராடு உடைந்து இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். இதைக் கண்டுபிடிக்க, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 10, 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வேண்டாம்.

இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர். ஆனால் இன்ஜின் ஆயிலை மாற்றுவது அரைமணி நேர வேலை, புது ஆயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். கியர் ஆயிலைத்தான் யாரும் மாற்றுவதில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி கியர்பாக்ஸ் பிளக்கைத் தளர்த்திச் சில துளி எடுத்துப் பாருங்கள்; கியர்பாக்ஸின் மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீர் போயிருந்தால் அங்கே வெளுப்பு தெரியும். டீசல் வண்டி என்றால் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். கீழே தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் டேங்கிலேயே தண்ணீர் இருக்கலாம், இன்ஜெக்டர் செலவு பின்னால் வரலாம்.

8. மின்சாமான்களை ஒன்றாக வேலை வாங்குங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீட்டரில் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், பேட்டரி விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்துவிட்டு அணைந்தால் சரி. அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: பழுதை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம். பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் முன்சீட்டுகளுக்கு நடுவே தரையோடு ஒட்டியிருக்கும். தரைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் வந்தாலே அது மூழ்கிவிடும். விபத்தில் உயிரைக் காப்பாற்ற வேண்டிய சாமான் அது.

ஸ்டார்ட் செய்த பிறகு ஏசி, முன்விளக்கு, வைப்பர், ஆடியோ, பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுங்கள். நான்கு கண்ணாடியையும் ஐந்து முறை ஏற்றி இறக்குங்கள். டிரைவர் பக்க சுவிட்சிலிருந்தும் அந்தந்தக் கதவு சுவிட்சிலிருந்தும். சென்ட்ரல் லாக்கைப் பத்து முறை. தண்ணீர் பட்ட கனெக்டர் முதல் முறை வேலை செய்து ஆறாவது முறை முரண்டு பிடிக்கும். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் இன்ஜின் நின்றிருக்கும்போது சுமார் 12.5 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

2013க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைச் செருகி வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி சாக்கெட் இருக்கும். மெக்கானிக்கின் ஸ்கேனரில் "யூ" என்று தொடங்கும் பிழைக்குறியீடுகள் நிறைய வந்தால் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் தவிக்கின்றன. வயரிங்கில் துரு இருக்கலாம். குறியீடு எதுவுமே இல்லை, ஆனால் ரெடினெஸ் சோதனைகள் (வண்டி தன்னைத்தானே சரிபார்ப்பவை) "முடியவில்லை" என்று காட்டினால், நீங்கள் வரும் முன் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

9. ஓட்டுவதும் குழியில் ஏற்றுவதும்

தெருமுனை வரை போய்த் திரும்புவது போதாது. சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை ஏறி பள்ளிகொண்டா பக்கம் போய்த் திரும்புங்கள். 60 முதல் 80 வேகத்தில் ஆடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். வேகத்தோடு ஏறும் "ஊம்ம்" சத்தம் சக்கர பேரிங்கில் தண்ணீர் போனதால் வரலாம். நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் இருக்கும் மெல்லிய துரு பயப்பட வேண்டியதில்லை, நாலு பிரேக் அடித்தால் போய்விடும்.

குழியில் ஏற்றினால், அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். துருவின் மேலேயே அடித்திருந்தால் பொருக்கு பொருக்காகத் தெரியும். குறுக்குச் சட்டங்களின் ஓட்டைக்குள் விரல் விட்டால் அடைந்த சேறு தட்டுப்படும்.

10. உயரத்துக்கு ஏற்ற முடிவு

சக்கரத்தின் பாதி வரை தண்ணீர், உள்ளே வரவில்லை: பேரிங், பிரேக் மட்டும் சரிபார்த்து வாங்கலாம்.

தரைவிரிப்பு நனைந்தது, சீட்டைத் தொடவில்லை: ஏர்பேக் யூனிட்டும் தரை வயரிங்கும் மாற்றியதற்கு பில் இருந்து, சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்காவது குறைத்தால் யோசிக்கலாம். இது எங்கள் கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பம் தினமும் போகும் வண்டி என்றால் இதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

சீட்டுக்கு மேலே தண்ணீர் வந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். மின்சாரக் கார், ஹைபிரிட் என்றால் பேட்டரி வரை தண்ணீர் வந்த சந்தேகம் இருந்தாலே விலகிவிடுங்கள்.

11. பணம் கொடுக்கும்போதும் பிறகும்

நேரடியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, 2023 டிசம்பர்ல இந்த வண்டி எங்க நின்னுச்சு?" பதில் எதுவானாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் "இந்த வாகனம் வெள்ளத்தில் மூழ்கியதில்லை, மூழ்கியது தெரியவந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன்" என்ற வரியும், வண்டி கைமாறும் தேதி, நேரமும் இருக்கட்டும். இந்த ஒரு வரியைக் கேட்டதும் விலகும் விற்பனையாளர்கள் உண்டு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் பணம் மாட்டிக்கொள்ளும். கடைக்காரர் என்றால் பழைய வண்டி விற்பனைக்கான அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்; 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பணத்தை ஆர்சியில் பெயர் இருப்பவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்சி, நடப்பு காப்பீடு, புகைச் சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்று, பான் கார்டு நகல் வேண்டும். வங்கிக் கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35இல் வங்கியின் கையெழுத்தும் கடன் தீர்ந்த கடிதமும். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28இல் என்ஓசி வாங்குவதோடு தமிழ்நாட்டு வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும்; கர்நாடக எண் வண்டி மலிவாகத் தெரிவது பாதி இதனால்தான். மாநிலத்துக்குள்ளேயே கைமாறினால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "வெற்றுப் படிவத்துல கையெழுத்து வாங்கியாச்சு, நீங்க எப்ப வேணா மாத்திக்கலாம்" என்பதை ஏற்காதீர்கள்.

காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம். அதைத் தவறவிட்டால் உங்கள் வண்டிக்கான சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகும். மாற்றும்போதே இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அது இல்லாத பாலிசியில், தண்ணீர் புகுந்து இன்ஜின் உடைந்தால் அந்தச் செலவு பொதுவாக உங்களுடையதுதான். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல், இழுத்துப் போக ஆளைக் கூப்பிடுங்கள்.